வாய்க்காலை யார் நனைப்பது

2005, ஆடி. ஊர்ப் பொது ஆழ்குழாய்க் கிணற்றுச் சங்கம், ஏக்கருக்கு இவ்வளவு என்றிருந்த தண்ணீர்க் கட்டணத்தை, மோட்டார் ஓடும் மணிக்கு இவ்வளவு என்று மாற்றியது.
அதே ஆண்டு, புரட்டாசி. நாற்று நடவுக்குத் தயாரானது. மோட்டார் ஓடவில்லை.
2008, மாசி. என் மனைவி காலமானாள்.

நாங்கள் குடியிருந்தது புதுச்சேரி நகரத்தில். கல்லூரியில் பொருளியல் கற்பித்தேன். நிலம் அவள் பிறந்த வீட்டு வழியில் வந்தது. நகரத்துக்கு வெளியே, வாய்க்காலின் கடைசி வயல்.

மணிக் கட்டணம் சிக்கனத்தை வளர்க்கும் என்று எதிர்பார்த்தேன். அது முதலில் வளர்த்தது டீ வியாபாரத்தை. காய்ந்த மண்வாய்க்கால் முதல் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும். அந்த நேரத்துக்கும் மோட்டாரைப் போடச் சொன்னவரே கட்ட வேண்டும். ஆகவே, வேறொருவர் நனைக்கட்டும் என்று அனைவரும் மோட்டார் கொட்டகை முன்னால் டீ குடித்தபடி காத்திருந்தார்கள். அவளுடைய நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. கடைசி வயல்காரி தனியே தொடங்கினால் முழு வாய்க்காலும் அவள் செலவு.

ஒரு காலை அவள் கொட்டகைக்குச் சென்றாள். நானும் உடன் சென்றேன்.

"இன்னா, பொண்ணு பாக்க வந்தாப்புல எல்லாரும் குந்தினு இருக்கீங்க?"

"நீ போடச் சொல்லுக்கா. வாத்தியாரு சம்பளம் இருக்குதில்ல," என்றார் முதல் வயல்காரர்.

"அவரு சம்பளத்துல வாய்க்கால் குளிக்கணுமா? நனையற நேரத்த எல்லாருமா பங்கு போட்டுக்குவோம். அப்புறம் வரிசையா அவங்கவங்க வயலுக்கு அவங்கவங்க கட்டலாம்."

"எனக்கு வாய்க்காலு ரெண்டு எட்டுதான். நான் எதுக்குப் பங்கு குடுக்கணும்?"

"அப்ப நீ எதுக்குத் தம்பி இத்தினி நாளா காத்துக் கெடக்குற?"

அவர் டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "டீ நல்லா இருக்குதுக்கா."

கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, பங்குக்குச் சம்மதித்து, மோட்டாரைப் போடுமாறு கைகாட்டினார். மறுநாள் எங்கள் நடவு நடந்தது.

அடுத்த பருவத்திலிருந்து, நெல்லுக்கு ஆகும் மோட்டார் மணிநேரத்தைக் கருதி, பாதி நிலத்தில் கத்திரி வைத்தாள். பெரிய மார்க்கெட்டுக்குக் கூடையைச் சுமந்தவன் நான். பேராசிரியரிடம் பேரம் பேசக் கடைக்காரர்கள் கூசினார்கள். அவள் என்னை அனுப்பியது அதற்காகவே.

இப்போது நிலத்தை நான் பார்க்கிறேன். செய்யாமல் நிற்பவை:

சங்கத்தில் அவள் பெயரை நீக்கி என் பெயரைச் சேர்ப்பது.
கடைசி மடையில் உடைந்த கரையை அடைப்பது.
வரும் பருவத்துக்கு நெல் எவ்வளவு, கத்திரி எவ்வளவு என்று முடிவு செய்வது.