கடைசி வரிசையின் நான்கு மெஷின்கள்

கப்பலூரைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் என் நண்பனும் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொண்டிருந்தோம். நாற்பது மெஷின்களுக்கு இரண்டே இரண்டு ஒப்பந்த ஊழியர்கள். அவன் ஹார்டுவேர், நான் சாஃப்ட்வேர். அந்த நாட்கள் மாதிரி இனி எனக்கு வாய்க்காது. இதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்!

ஒவ்வொரு செமஸ்டருக்கும் நாற்பதையும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். பென்டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். நெட்வொர்க் வழியாகச் செய்தால் ஒரு காலையில் முடியும். ஆன் செய்ததும் மெஷின் சர்வரிடமிருந்து ஒரு சின்ன லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, வாங்கும். அந்தக் கெர்னல் எழுந்து, தயாராக வைத்திருக்கும் டிஸ்க் நகலை இழுத்து மெஷினில் எழுதும். எங்கள் சர்வரோ அரதப் பழசு. நாற்பதும் ஒன்றாகக் கேட்டால் திணறிவிடும். கெர்னலைச் சுருக்கியே ஆக வேண்டும் என்று இறங்கினேன், அதுவே எனக்குப் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது.

சவுண்டு எதற்கு, தூக்கு. வைஃபை எதற்கு, தூக்கு. மிச்சத்தை இறுக்கி அமுக்கு. மாற்றியதைப் புதுக் கெர்னலாகக் கட்ட ஒருமுறை கம்பைல் போட்டால் முக்கால் மணி நேரம் ஓடும். அதற்குள் ஹைவே ஓரத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வருவோம். லாரிகள் போகும் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டும்.

"இன்னைக்கு எம்புட்டு கொறச்ச?" என்பான்.

"கால் எம்பி."

"அடேயப்பா! கால் எம்பிக்கா இம்புட்டு அலம்பல்?"

அவன் வீடு டவுனுக்குள், பள்ளிவாசலை ஒட்டிய சந்தில். அவன் அம்மா கொடுத்துவிடும் நெய்ச்சோற்றில் பாதிக்கு மேல் நான்தான் தின்றேன். புதுக் கெர்னல் வந்தால் ஏசிக்கு நேர் கீழே இருந்த முதல் மெஷினில் போட்டுப் பார்ப்போம். வெயிலுக்கு அங்கே உட்கார்வது சுகம். கடைசி வரிசையில் நான்கு மெஷின்களுக்கு ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி நெட்வொர்க் போர்ட் கருகிவிட்டது. எங்கிருந்தோ பழைய நெட்வொர்க் கார்டுகளைத் தேடிப் பிடித்து அவன்தான் சொருகியிருந்தான்.

இந்த நேரத்தில்தான் லேபை வெளிக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. எங்கள் இருவர் வேலையும் போய்விடும். அவன் நேரே தாளாளர் அறைக்குப் போனான். "சனிக்கெழம காலைல வாங்க சார். நாப்பதும் உங்க கண்ணு முன்னாடி ஒண்ணா ஓடும். ஓடலேன்னா நீங்க சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தான். அவருக்கும் சம்மதம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் ஜும்மாவுக்குப் போயிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். கை பரபரத்தது. பழைய நெட்வொர்க் கார்டுகளை அடையாளம் கண்டு இயக்கும் டிரைவர்கள் கெர்னலில் நீளமாகக் கிடந்தன. இதையெல்லாம் இந்தக் காலத்தில் எவன் வைத்திருக்கிறான் என்று மொத்தமாகத் தூக்கினேன். கெர்னல் இன்னும் இளைத்தது. ஏசிக்குக் கீழே போட்டேன், பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் வந்ததும் கேட்டான். "கடைசி வரிசைல போட்டுப் பாத்தியா மாப்ள?"

"எல்லாம் பாத்தாச்சு. போய் உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பார்க்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை தாளாளர் முன்னால் நாற்பதையும் ஆன் செய்தோம். முப்பத்தாறு ஓடின. கடைசி வரிசை நான்கும் கெர்னலை ஒழுங்காக வாங்கி, பாதி எழுந்து, நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டன. கார்டு தன் சிப்பை வைத்துக் கெர்னலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. வந்த கெர்னலுக்கு அந்தக் கார்டைத் தெரியவில்லை. திரையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

"யாருப்பா இதுக்குப் பொறுப்பு?" என்றார் தாளாளர்.

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு பார்வை என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பினான்.

"கார்டுல கோளாறு சார். ஹார்டுவேர் என் பொறுப்பு. நான்தான் செக் பண்ணிருக்கணும்."

ஹார்டுவேரை மட்டும் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். அன்று மதியமே டிரைவர்களைத் திரும்பச் சேர்த்துக் கம்பைல் போட்டேன். நாற்பதும் ஓடின. அதற்குள் அவன் டிராயரைக் காலி செய்துவிட்டு, "போயிட்டு வாரேன் மாப்ள" என்று கிளம்பியிருந்தான்.

இன்று அதே லேபில் நான் நிரந்தர ஊழியன். அவன் டவுனில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். போனால் டீ வாங்கித் தருவான், பழைய கதை பேசிச் சிரிப்போம். அந்தச் சனிக்கிழமையை மட்டும் இருவரும் தொடமாட்டோம். போன மாதம் எனக்குத் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குக் கார்டுல ஒரு கோளாறும் இல்லடா. டிரைவரைத் தூக்குனது நான். டெஸ்ட் பண்ணேன்னு சொன்னதும் பொய்."

அவன் கழற்றிக்கொண்டிருந்த லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் மாப்ள. கார்டு கோளாறுன்னா கெர்னலே வந்திருக்காதே."

"பெறகு ஏன்டா பழிய ஏத்துக்கிட்ட?"

"நான் அப்படிச் சொன்னதும், 'இல்ல சார்'னு நீ குறுக்க வருவேன்னு நெனச்சேன்" என்றான். "பஸ் ஏறுற வரைக்கும் நெனச்சேன்."