கப்பல் தளத்தில் ஒரு வரப்பு

நாகப்பட்டினத்தில் படகில் போய்க் கப்பலேறி இரண்டு நாளாகிறது. பினாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். தஞ்சாவூரிலிருந்து ஐம்பது மைல் பஸ்ஸில் வந்ததற்கே முதுகு விட்டுப்போயிற்று. இப்போது இரும்புத் தளத்தில் பாய் போட்டுப் படுக்கை. கேபின் டிக்கெட் எடுக்க வக்கில்லாதவன் அலுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

காலை ஆறு மணி. டீசல் வாடை, யாரோ வாந்தியெடுத்த வாடை. நாலு பக்கமும் தண்ணீர். பார்க்க ஒரு மரம் கிடையாது. பக்கத்துப் பாயில் பூதலூர்க் கோவிந்தனும் மனைவி அஞ்சலையும். அவர்கள் குத்தகை வயலில் பண்ணையார் டிராக்டரை இறக்கிவிட்டார். ஆட்சி மாறி, குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது என்று மேடைக்கு மேடை பேசியாயிற்று. ஊரில் நடப்பது வேறு. நடவுக்குள் வயலில் இறங்காவிட்டால் நிலம் போனதுதான். தனியாக இறங்கக் கோவிந்தனுக்குத் தைரியமில்லை. மலாயா எஸ்டேட்டிலிருக்கும் அண்ணனைக் கூட்டிவரத்தான் இந்தப் பயணம். தம்பி கூப்பிட்டு வராவிட்டாலும் அஞ்சலை அழுதால் வருவார் என்று ஒரு நம்பிக்கை.

ஏழு மணிக்குக் கப்பல் ஆட்கள் குழாய் பிடித்துத் தளத்தைக் கழுவினார்கள். நாங்களெல்லாம் அவசரமாகப் பாயைச் சுருட்டினோம். கோவிந்தனோ பாய்க்கடியில் விரித்திருந்த சாக்கைச் சுருட்டிக் குறுக்கே வைத்து, காலால் மிதித்து, வரப்பே போட்டுவிட்டார். வயல்காரர் கை சும்மா இருக்குமா! தண்ணீர் திரும்பிப் போய், தூங்கிக்கொண்டிருந்த திருவாரூர்க்காரர் படுக்கையோடு நனைந்தார்.

"யோவ், எடுய்யா சாக்க! என் பக்கமா திருப்பி விடுற?"

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். நீ ஏன் அங்க படுத்த?"

அவரும் வயல்காரர்தான், விடுவாரா? அவர் சாக்கை இழுக்க, இவர் அதன்மேல் ஏறி நிற்க, கப்பல் ஆட்கள் வந்து தள்ளியும் கோவிந்தன் நகரவில்லை. "என் எடம்யா இது! என்ன மிதிச்சிட்டுப் போங்க!" என்று கத்தினார். என் தலையெழுத்து, விலக்கப் போன என்மேல்தான் குழாய்த் தண்ணீர் முழுவதும். கடைசியில் குழாயை மூடிவிட்டுப் போனார்கள்.

"நல்லாருக்கு" என்றார் அஞ்சலை. "பண்ணையார் டிராக்டர எறக்குனப்ப துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னீங்க. இந்தச் சத்தத்துல பாதி அங்க போட்டிருந்தா, அண்ணனத் தேடி இப்படிக் கடல் தாண்டணுமா?"

கோவிந்தன் சாக்கை எடுத்துப் பிழிந்து காயப்போட்டார். மத்தியானம் வரிசையில் நின்று வாங்கிய சோற்றைத் தொடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த அம்மாள் கேட்டது நியாயம் என்றும் பட்டது.

வெயில் சாய்ந்ததும் கோவிந்தன் என்னிடம் வந்தார்.

"சார், இந்தக் கப்பல் திரும்பி நாகப்பட்டினம் எப்பப் போவும்?"

"சிங்கப்பூர் போயிட்டு, அடுத்த வாரம் பினாங்குல ஆள் ஏத்துவாங்களாம்."

மனைவி பக்கம் திரும்பினார். "அண்ணன் வந்தா சரி. வரலேன்னாலும் நாம இதுலயே ஏறிடுவோம். நான் எறங்குறேன் வயல்ல."

அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு ஆறிப்போன சோற்றுத் தட்டை அவர் முன்னே தள்ளினார்.

"சாப்பிடுங்க. எறங்குறதுக்குத் தெம்பு வேணுமில்ல."