இருட்டில் விற்ற மெழுகுவத்தி

வினோலியா மெழுகுவத்தி விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் தாயில்பட்டியில் சிரிக்காதவர்கள் குறைவு. பன்னிரண்டு வருசம் தீக்காய வார்டில் நர்சாக இருந்தவள் தீ ஏற்றுகிற சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? "ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கீகளா நர்சக்கா?" என்று டீக்கடை தனுஷ்கோடி கேட்டே விட்டார். வினோலியாவுக்குக் கோபம் வரவில்லை. "ஒமக்கு ரெண்டு வேணுமா, நாலு வேணுமா? அதை மொதல்ல சொல்லும்" என்றாள். அவர் ரெண்டு வாங்கினார்.

அவள் அப்படித்தான். நல்ல உயரம், கணீரென்ற குரல், எதிராளி யாராக இருந்தாலும் அந்தக் குரலைக் குறைத்துப் பேசத் தெரியாது. 2008 பிறந்ததும் வேலையை விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு காலையில் யூனிபார்மைக் கையில் எடுத்ததும் போதும் என்று தோன்றியது, வந்துவிட்டாள். விருதுநகரில் மகளிர் குழுவுக்காக நடந்த மூன்று நாள் பயிற்சியில் மெழுகு உருக்கப் படித்துக்கொண்டாள். தேங்காய்ச் சிரட்டையில் மெழுகை ஊற்றி, எலுமிச்சைப்புல் தைலம் நாலு சொட்டு விட்டு, நடுவில் திரி நிறுத்தினால் கொசுவும் அண்டாது, அறையும் மணக்கும். அது மட்டும் அவளே கண்டுபிடித்தது.

கணவர் சேசுராஜ் பள்ளிக்கூட வாத்தியார். சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனாலும் ஒரு கெடு வைத்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. நிலையா ஒரு கடை சரக்கு எடுக்கலைன்னா வார்டுக்கே திரும்பிரு. மேட்ரன் அம்மாவும் டிசம்பர் வரைக்கும்தான் ஒன் இடத்தை வச்சிருப்பாக." வினோலியா சரி என்றாள். ஜெயிப்போம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அந்த வார்டுக்குத் திரும்பிப் போக மட்டும் மனசு கொஞ்சமும் இல்லை.

ஊருக்குள் விற்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஏதாவது ஒரு வீட்டுக்காரி அக்கம்பக்கத்தில் பத்துப் பேரைக் கூப்பிட வேண்டும். டீயும் சேவும் அந்த வீட்டுச் செலவு. வினோலியா வந்து மெழுகுவத்திகளை ஏற்றிக் காட்டுவாள், வந்தவர்கள் வாங்குவார்கள், வீட்டுக்காரிக்கு ஒரு சிரட்டை மெழுகுவத்தி சும்மா கிடைக்கும். முதலில் எல்லாரும் பயந்தார்கள். வேதக்கார நர்சு ஜெபக்கூட்டம் நடத்த வருகிறாள் என்று பேச்சு. "பைபிள் வீட்டுல இருக்கு. பையில மெழுகுவத்திதான் இருக்கு, வேணும்னா துழாவிப் பாருங்க" என்று பையை நடுவில் கவிழ்த்தாள். ரெண்டு பேர் நிஜமாகவே துழாவிப் பார்த்தார்கள். கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருசம் அது, அதனால் சாமான் போணியானது.

கூட்டத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். பட்டாசுக் கம்பெனி வேன் வேலையாட்களை ஊருக்குள் இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூட்டம். உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "குளிச்சாச்சா? சேலை மாத்தியாச்சா?" என்று கேட்பாள். ஒருத்தி இல்லை என்றாலும் தீக்குச்சி உரச மாட்டாள். பட்டாசு மருந்து சேலைக் கொசுவத்தில் இருக்கும், மயிரில் இருக்கும், நகக்கண்ணில் இருக்கும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு இது தெரியாததில்லை. "ஆச்சு நர்சக்கா, ஆச்சு" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் முதல் திரி எரியும்.

ஆனால் கூட்டத்தில் ஒண்ணு ரெண்டு விற்று நிலையாக நிற்க முடியாது, கடை வேண்டும். முதலில் கிடைத்த கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வெயில் படுகிற பக்கம் அடுக்கினார். சித்திரை வெயிலில் அத்தனையும் கும்பிடு போட்ட மாதிரி வளைந்து நின்றன. மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர், "வேதக்காரக சாமான். டிசம்பர்ல கொண்டாங்க" என்றார். மூன்றாவது ஆள் சங்கரலிங்கம். சிவகாசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தார். அவர் சிரட்டையை மோந்து பார்த்தார், திரியை நிமிண்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரியோட தோழிமார் இருபது பேரு வாராக. அங்கன வச்சு ஏத்திக் காட்டுங்க. அவுகளுக்குப் பிடிச்சிருந்தா வாசப் பக்கத்துத் தட்டு ஒங்களுக்கு. நானும் கூட நின்னு பாப்பேன்" என்றார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வினோலியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே பேசுவதைவிட வாங்கி எரித்த ஒருத்தி பேசினால் எடுபடும் என்று அவளுக்குத் தோன்றியது. தெருவில் கருப்பம்மாளைவிட நன்றாகப் பேசுகிறவள் கிடையாது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். மகள் சினேகா படிக்க வேண்டும் என்று மாதம் நாலு சிரட்டை வாங்குவாள். சீசன் நேரம், வேலை முடிய அஞ்சு மணி ஆகிவிடும். "நீ ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போனா நேரமாயிரும் கருப்பம்மா. வேலை விட்டு நேரா சிவகாசிக்கு வந்துரு" என்று வினோலியா சொன்னாள். இதையே வேறு ஒருத்தி சொல்லக் கேட்டிருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். ஆசை வந்தால் சொந்தச் சட்டமே மறந்துபோகும் போலிருக்கிறது.

சங்கரலிங்கத்தின் வீட்டு ஹாலில் பெரிய ஜமக்காளம் விரித்திருந்தது. அவர் மனைவி செண்பகவடிவு எல்லாருக்கும் காபி கொடுத்தாள். பட்டுக்கரைச் சேலைகள், மல்லிகைப் பூ, சிரிப்பு. வினோலியா சிரட்டைகளை வரிசையாக வைத்தாள். ஆறு மணிக்குக் கருப்பம்மாள் வந்து சேர்ந்தாள், ஓரமாக ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போலச் சுற்றிப் பார்த்து, "எல்லாரும் குளிச்சாச்சா?" என்று கேட்க வாயெடுத்தபோதுதான் வினோலியாவுக்குச் சுரீரென்றது. அதே நொடியில் கரண்டும் போனது.

ஹால் கும்மிருட்டானது. ரெண்டு மூன்று பேர் கலகலவென்று சிரித்தார்கள்.

"நல்ல நேரத்துலதான் போயிருக்கு. ஏத்துங்க நர்சம்மா, பாப்போம்" என்றாள் செண்பகவடிவு.

வினோலியாவின் கையில் தீப்பெட்டி இருந்தது. ஒரு உரசல்தான் மிச்சம். இதைவிட நல்ல வாய்ப்பு எந்த வியாபாரிக்கும் அமையாது என்பது அவளுக்குத் தெரிந்தது. தீப்பெட்டியை இடுப்பில் செருகினாள்.

"இப்ப ஏத்த முடியாதுக்கா. எனக்காகப் பேச வந்தவுக பட்டாசு வேலைத்தலத்துல இருந்து நேரா வந்திருக்காக. நான்தான் வரச் சொன்னேன், தப்பு என் மேலதான்."

"இம்புட்டுத்தானே? அவளை வெளிய போய் இருக்கச் சொல்லுங்க, நீங்க ஏத்துங்க."

கருப்பம்மாள் எழுந்திருக்கப் போனாள். வினோலியா இருட்டிலேயே அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "அசையாத. நீ எந்திரிச்சா சேலையில உள்ளது இன்னும் நாலு இடத்துல கொட்டும்" என்றவள், செண்பகவடிவின் பக்கம் திரும்பினாள். "அவுக வெளிய போனாலும் ஏத்த முடியாதுக்கா. ஜமக்காளத்துல உக்காந்துட்டாக. இன்னைக்கு இந்த ஹால்ல தீ வேண்டாம்."

"மெழுகுவத்தி விக்க வந்துட்டு எங்களை இருட்டுல உக்கார வைக்கீகளே" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு இந்த முறை வேறு மாதிரி இருந்தது.

வாசலில் நின்ற சங்கரலிங்கம் செல்போன் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் சுற்றி வந்து கருப்பம்மாள் மேல் நின்றது. குழல் விளக்கில் சாயம் போன நீலச் சேலையாக இருந்தது, டார்ச் பட்டதும் மடிப்புக்கு மடிப்பு வெள்ளியாக மினுங்கியது. கழுத்தோரம், காதோரம், முழங்கை மடிப்பு எல்லாம் அலுமினியப் பொடி. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி ஜமக்காளத்திலும் ஒரு முழத்துக்கு மினுங்கியது. பக்கத்தில் இருந்த பெண்மணி தன் முந்தானையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அதிலும் இருந்தது.

"கை கால் கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றாள் கருப்பம்மாள், சன்னமாக.

அதன் பிறகு யாரும் ஏற்றச் சொல்லவில்லை. வினோலியா அதற்காக வியாபாரத்தை விட்டுவிடவும் இல்லை. சிரட்டைகளை இருட்டிலேயே கைமாற்றிக் கொடுத்தாள். "மோந்து பாருங்க. என்ன வாசம்னு சொல்லுங்க" என்றாள். ஒருத்தி எலுமிச்சை என்றாள், ஒருத்தி கோயில் தீர்த்தம் என்றாள். திரி எதனால் புகையாது, ஒரு சிரட்டை எத்தனை நாள் வரும் என்று எல்லாம் சொன்னாள். அப்புறம், யாரும் கேட்காமலே, வார்டைப் பற்றிச் சொன்னாள்.

"கம்பெனியில விபத்துன்னா பேப்பர்ல வரும். எங்க வார்டுக்கு வாரதுல வீட்டுல பட்டுக்கிட்டு வாரவுகளும் உண்டு, அது எதுலயும் வராது. ஒரு பொண்ணு. வேலைக்குப் போய்ட்டு வந்திருக்கா, பிள்ளை பசிக்குதுன்னுச்சு, உடுத்துன சேலையோட அடுப்புக்கு முன்னால உக்காந்திருக்கா. ஒன்பது நாள் நான்தான் கட்டு மாத்துனேன். அம்புட்டு நாளும் சோறு பொங்கியாச்சான்னே கேட்டுக்கிட்டு இருந்தா."

அரைமணி கழித்துக் கரண்டு வந்தது. ஜமக்காளத்தை ஓசைப்படாமல் சுருட்டி, வெளியே கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார்கள். விற்றது மூன்றே சிரட்டை, அதுவும் முகதாட்சண்யத்துக்கு. "திங்கக்கிழமை பேசுவோம்" என்று சொல்லிவிட்டுச் சங்கரலிங்கம் உள்ளே போய்விட்டார். மேட்ரன் அம்மாவின் முகம் வினோலியாவின் கண் முன்னால் வந்து நின்றது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ரெண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். தாயில்பட்டி நெருங்கும்போது கருப்பம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்ன அந்தப் பொண்ணு... நானும் அப்படித்தான்க்கா. வேனை விட்டு இறங்குனா மொதல்ல அடுப்பைத்தான் பத்த வைப்பேன். பிள்ளை பசியில நிக்கும். தண்ணியும் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. ஒங்க மெழுகுவத்தியையும் இந்தச் சேலையோடதான் ஏத்துதேன்."

"கூட்டத்துல கேட்டப்ப குளிச்சாச்சுன்னு சொன்னியே."

"எல்லாரும்தான் சொல்லுவோம்."

வினோலியாவுக்கு இப்போதுதான் புரிந்தது. எட்டு மாதமாகக் கேள்வி கேட்டு, பதிலை நம்பி, கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள். கடை போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவளே கடைக்குப் போனாள். சங்கரலிங்கம் சுற்றி வளைக்கவில்லை. "நீங்க ஏத்திருந்தா இருபது பேரும் வாங்கியிருப்பாக. எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். என் கடைக்கு வாரதுல பாதிப் பேரு வேனுல இருந்து இறங்கி வாரவுக. அவுக கையில ஏத்துற சாமானைக் கொடுக்கணும்னா, ஏத்தக் கூடாத நேரம் தெரிஞ்ச ஆளுகிட்டதான் நான் வாங்கணும். தட்டு ஒங்களுக்கு. மாசம் ரெண்டு லோடு போடுங்க."

சிரட்டையைச் சுற்றி ஒட்ட லேபிள் வேண்டும் என்றார். மச்சான் அச்சாபீஸ் வைத்திருக்கிறார், தாமரை மேல் குழந்தை உட்கார்ந்திருக்கும் படம் தயாராக இருக்கிறது, நாலு கலரில் ஜொலிக்கும் என்றார். வினோலியாவுக்குக் குழந்தை வேண்டாம், தாமரையும் வேண்டாம். ஒரே ஒரு வரி வேண்டும், அதுவும் பேரைவிடப் பெரிய எழுத்தில். ரெண்டு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் வாதாடினார்கள். கடைசியில் குழந்தை ஓரத்தில் ஒதுங்கியது. நடுவில் சிவப்பில் விழுந்தது: குளிச்சிட்டுப் பத்த வைங்க.

அன்று சாயங்காலமே மேட்ரன் அம்மாவுக்குப் போன் செய்து, தன் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சேசுராஜ் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தாமலே சிரித்தார்.

லேபிள் அச்சாகி வந்த நாளில் முதல் சிரட்டையைக் கடைக்கு அனுப்பவில்லை. அதை எடுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகத் தன் வீட்டு அடிகுழாய்த் தண்ணீரைச் சுமந்து கருப்பம்மாள் வீட்டுக்குப் போனாள். புழக்கடையில் அண்டா நிறைகிற வரைக்கும் நாலு நடை. கொண்டுபோன இட்லியைச் சினேகாவுக்குக் கொடுத்துச் சாப்பிட வைத்தாள். அடுப்படியில் இருந்த தீப்பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கரண்டு அன்றைக்கும் போயிருந்தது.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. கருப்பம்மாள் வாசலுக்கு வந்தவள், வீட்டுக்குள் இருட்டில் வினோலியா உட்கார்ந்திருப்பதையும், பிள்ளை ஏப்பம் விட்டுக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். சுவரை ஒட்டி நடந்து புழக்கடைக்குப் போனாள். தண்ணீர் மோந்து ஊற்றும் சத்தம் வந்தது. ஒரு செம்பு, ரெண்டு செம்பு, மூன்று. வினோலியா எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினாலாவது செம்புக்குப் பிறகு சத்தம் நின்றது.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாற்றுச் சேலையில் கருப்பம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். வினோலியா மடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இப்ப பத்த வையி" என்றாள்.