வட துருவத்தில் இடம் வாங்கியவர்

“நம்ம தறிக்காரர் வெள்ளியங்கிரி வட துருவத்துல எடம் வாங்கிப்போட்டாருங்களாம்.” அவிநாசி சாலை பேக்கரியில் யாரோ சொன்னதை ஆட்டோக்காரர் என் சித்தியிடம் சொல்ல, சித்தி ஓஸ்லோவிலிருந்த என்னிடம் போனில் சொன்னார். சென்ட் என்ன விலை என்றுகூட விசாரித்திருந்தார்.

லீவில் வந்து கருமத்தம்பட்டிக்குப் போனபோது, வெள்ளியங்கிரி ஒரு பழைய புத்தகத்தின் தாளைக் குழல்போல வளைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க கண்ணு, உக்காருங்க. உங்கூர்ல இப்ப எத்தனை டிகிரிங்க?”

அறுபத்தெட்டு வயது. பதினாறு விசைத்தறி. எட்டாம் வகுப்பு ஆங்கிலம். வடக்குப் பனிக்கடலுக்கு அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் எழுதிய புத்தகங்கள் நாற்பத்தொன்று வைத்திருக்கிறார். பேக்கரிப் பேச்சில் ‘இடம்’ ஆனது இவைதான். பாதிக்கு மேல், நீலகிரி எஸ்டேட் பங்களாக்களிலிருந்து எடைக்கு வந்து, கோவை உக்கடத்தில் அப்துல் வஹீதின் பழைய பேப்பர் கடையில் கிடைத்தவை. ஒவ்வொன்றுக்கும் தன் தறியில் ஓடிய காடாத் துணியில் உறை. பூச்சி வராமலிருக்க ஒரு துண்டு வசம்பு. மின்சாரம் போனால் மட்டும், அகராதியோடு படிப்பார். “தறிச் சத்தம் நின்னாத்தானுங்க அந்தப் பனி கண்ணுக்குத் தெரியுது.”

நான் தொடுவதற்குமுன் இரண்டு முறை கை துடைத்தேன்.

“அட, தொடுங்க. நூத்திநாப்பது வருசம் இருந்தது, உங்க கையிலயா செத்துப்போகும்?”

காப்பி கொண்டுவந்த மனைவி பழனியாத்தாள் சிரித்தார். “எனக்கொரு ஃபேன் மாத்தித் தர நேரமில்லீங்க. எவனோ வெள்ளைக்காரன் குளுர்ல நடுங்குனா, இவரு சோறு உங்காம உக்காந்திருப்பாரு.”

டார்ச் அடித்துக்கொண்டிருந்த புத்தகம் ஒரு கப்பல் தச்சரின் நாட்குறிப்பு. அக்காலப் புத்தகங்கள் பலவற்றில் தாள்கள் மடிப்போடு தைக்கப்பட்டு வரும். வாங்கியவர்தான் மடிப்பை அறுத்துப் பிரிக்க வேண்டும். இதை முதலில் வாங்கியவர் தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். அங்கே கப்பல் பனியில் இறுகி நிற்கிறது. இருபது வருடமாக வெள்ளியங்கிரியும் அங்கேயே நிற்கிறார்; மடிப்புக்குள் டார்ச் அடித்தால் அங்கொரு சொல் இங்கொரு சொல்தான் தெரியும். “அந்தத் தச்சருக்கு ஊட்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்க. திரும்பிப் போய்ச் சேந்தாரா இல்லையான்னு தெரியலீங்களே.” நானும் அங்கேயே போனில் இணையத்தில் தேடினேன், ஒரு நூலகப் பட்டியலில் புத்தகத்தின் பெயர் மட்டும் இருந்தது.

பிரிக்காமல் இருப்பதுதான் அதன் அருமை. சென்னையில் ஒரு சேகரிப்பாளர், அதை அப்படியே கொடுத்தால் வேறொரு பயண நூலின் முதல் பாகத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் இரண்டாம் பாகம் வெகுகாலமாக வெள்ளியங்கிரியின் அலமாரியில் ஜோடியில்லாமல் கிடக்கிறது. பதினொரு மணிக்குப் போன் வரும். சரி என்றால் சாயங்காலமே ஆள் வந்து எடுத்துப்போகும்.

“குடுத்துருங்களேன். ஜோடி சேர்ந்திரும்,” என்றேன். அவசரப்பட்டுவிட்டேனோ என்று உடனே தோன்றியது.

“சேருமுங்க. ஆனா இந்தத் தச்சர் என்ன ஆனாருன்னு அந்த மெட்ராஸ்காரரு படிப்பாருங்களா?”

“மாட்டாருங்க. பிரிச்சா மதிப்பு போயிருமே.”

போன் அடித்தது. “ஏனுங்க, மெட்ராஸ்காரருங்க,” என்று பழனியாத்தாள் எடுத்து நீட்டினார். வெள்ளியங்கிரி அதை வாங்கி, அடிக்க அடிக்கவே, கழற்றி வைத்திருந்த காடா உறையின்மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, தறியில் நூல் கோக்கும் மெல்லிய பித்தளைத் தகட்டை எடுத்து வேட்டியில் இருபுறமும் துடைத்து, தொண்ணூற்றேழாம் பக்கத்தின் மடிப்புக்குள் மெதுவாகச் செருகினார்.