திருச்சுழி ராஜேஸ்வரியின் பிராக்ஸி சர்வர்

கோயம்புத்தூரில் நெட்வொர்க் போட்டுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் நாலு வருசம் வேலை பார்த்தும் ராஜேஸ்வரியை யாரும் ஒரு சர்வரைத் தொட விட்டதில்லை. ஒயரை இழுத்துக் கொடுப்பதும் ஏணியைப் பிடித்துக்கொள்வதும்தான் அவள் வேலை. மேலாளர் செட்டிங்ஸ் போடுவதை ஓரமாக நின்று பார்த்துப் பாதியைக் கற்றுக்கொண்டாள். மீதியை விடுதி அறையில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு தானே தட்டித் தட்டிப் படித்தாள். அடுத்தவர் காட்டில் களை வெட்டி அவளை டிப்ளமோ வரை கொண்டுவந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும், மகள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள் என்பது மட்டுந்தான் தெரியும்.

கல்யாணமானதும் திருச்சுழிக்கே வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டரோடு ஒரு பயிற்சி சென்டர் தொடங்கினாள். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் வீரசோழனிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். நெட்டுக்கு சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டிதான். பன்னிரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் திரையில் ஒன்றும் நகராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு பாதியிலேயே நின்றுபோனது.

"பிள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேங்க்கா. அறுபது கேள்வில பதினேழுதான் வந்துச்சு" என்றாள் வீரசோழனிலிருந்து வரும் சுமதி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். ராஜேஸ்வரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே ஃபைபர் லைன் வாங்கினாள். அதையும் அப்படியே எல்லாருக்கும் திறந்துவிட்டால், ஒருத்தி வீடியோ பார்க்க மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் நடுவில் ஒரு பிராக்ஸி சர்வர் வைக்க முடிவு செய்தாள். பன்னிரண்டு கம்ப்யூட்டரும் தங்களுக்கு வேண்டியதை அதனிடம் கேட்கும், அது வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும், வேண்டாததைத் தடுத்துவிடும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டு மாட்டினாள். ஒன்றில் அறைக்குள்ளிருந்து வரும் ஒயர், மற்றதில் ஃபைபர்.

எல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பதாக நினைத்தாள். ஆனால் ஒரு பக்கங்கூடத் திறக்கவில்லை. மூன்று நாள் போனது.

அவள் புருசன் பாண்டிராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன். "மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. கூப்புடவா?" என்றான்.

"வேணாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்குறேன்."

"அப்பயும் வரலன்னா?"

"நானே கூப்புடச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம், ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தாள். அறைப்பக்க ஒயரைக் கழற்றியதும் சர்வரில் நெட் வந்தது. மாட்டினால் போனது. மூன்று தடவை செய்தும் அதேதான். அப்படியானால் ஃபைபரில் குற்றமில்லை. செட்டிங்ஸைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். வெளியே போகும் வழியைச் சொல்லும் கேட்வே முகவரியை இரண்டு கார்டுக்குமே கொடுத்திருந்தாள்! அறைக்குள் ஒயர்களைச் சேர்ப்பதற்காக விட்டுவைத்த அந்தப் பழைய சிம் பெட்டிதான் உள்பக்கக் கேட்வே. அதிலோ சிம்மே இல்லை. சர்வர் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் முட்டிக்கொண்டிருந்தது.

உள்பக்கக் கேட்வேயை அழித்தாள். கேட்பதெல்லாம் உள் கார்டில், போவதெல்லாம் வெளிக் கார்டில் என்று பிராக்ஸிக்கும் எழுதி, சர்வரை அணைத்து மறுபடி போட்டாள்.

பாண்டிராஜ் ஒவ்வொரு நாற்காலியாக மாறி உட்கார்ந்து பார்த்தான். "ராஜி, எல்லாத்துலயும் வருது!" என்று கத்தினான். பிறகு, "பாட்டு மட்டும் வர மாட்டேங்குதே?" என்றான்.

"அது வரக் கூடாதுன்னுதாங்க போட்ருக்கேன்."

சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் அறுபது கேள்வியையும் எழுதி முடித்தார்கள். சுமதிக்கு நாற்பத்தொன்று சரியாக வந்திருந்தது. இன்னொரு பெண்ணின் அம்மா கனகலட்சுமி, மகளைக் கூட்டிப்போக வந்த இடத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் பார்க்கிற குடும்பம் அவர்களுடையது.

"இத யாரும்மா பண்ணிக் குடுத்தது?"

"நான்தாங்கம்மா."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஆபீசுலயும் இதே தொல்லதாம்மா. ஆளுக்கொரு படத்தப் போட்டுட்டு உக்காந்துக்கிறாக, ஒரு பில்லு போட முடியல. வந்து பண்ணித் தாரியா?"

"புதன்கிழம வாரேம்மா" என்றாள் ராஜேஸ்வரி.

புதன்கிழமை அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். ஆபீசில் நாலைந்து ஆம்பளைகள் சுற்றி நின்றார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வெளி லைன் எந்தப் பக்கமிருந்து வருது, அதக் காட்டுங்க மொதல்ல" என்றாள்.