கடைசி அங்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம்

சட்டைக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. செக்கிங் அக்கா, அவ்வளவுதான். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்கு வரும். காலரைப் புரட்டிப் பார்த்து, பொத்தானை ஒரு இழு இழுத்து, பிசிறாக நீண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுவாள். அவள் கையைத் தாண்டிய சட்டை குறை சொல்லித் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு நாடகத்தின் கடைசி அங்கத்தையே நறுக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சொந்தச் சரக்கை ஒட்டுப்போட்டு வைத்திருந்தாள்.

அவள் கணவர் முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தவர். அமிலத் தொட்டி தெறித்ததில் முப்பத்தாறு வயதில் இரண்டு கண்ணும் போயின. முதல் வருடம் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கழித்தார். அந்த வருடத்தின் கடைசியில் ஒரு சாயங்காலம், குடியிருப்பின் காவல்காரர் மொட்டை மாடி விளிம்பிலிருந்து அவரைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டி வந்தார்.

"காத்து வாங்கப் போனேன்" என்றார் கணவர்.

"சரி" என்றாள் அவள். காவல்காரரின் முகம் வேறு கதை சொன்னது. மறுநாள் முதல் மாடிக் கதவின் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. அதைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

பிறகுதான் தபால் வழிப் படிப்பு வந்தது. பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில், பட்டத்தோடு வந்தால் ஆசிரியர் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவள் வாசிப்பாள், அவர் மனதில் ஏற்றிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் "வாத்தியார் இன்னும் பாஸாகலையா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. காலையில் தானாகவே முகச்சவரம் செய்யத் தொடங்கினார். இன்னும் ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. நாடகம். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்ட பேப்பர். மூன்றாவது முறையும் போனால் பதிவே ரத்து.

இந்த முறை புதிதாகப் பாடமாக வைத்திருந்தது ரோமானியர்களைப் பற்றிய ஒரு பழைய சோக நாடகத்தின் தமிழாக்கம். முதல் நான்கு அங்கங்கள் ஜோராகப் போயின. படைத்தலைவனின் வசனத்தை அவர் குளியலறையில் முழங்க, கீழ் வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினார். ஐந்தாவது அங்கத்தை அவள் பஸ்ஸில் போகும்போது முன்கூட்டிப் புரட்டினாள். போரில் எல்லாம் போய்விடுகிறது. படைத்தலைவன் தன் வாளைப் பிடித்துக்கொள்ளும்படி மூன்று நண்பர்களிடம் கேட்கிறான். மூன்று பேரும் மாட்டேன் என்கிறார்கள். நான்காவதாக ஒரு பணியாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடிக்கிறான். அவன் அதன்மேல் விழுந்து சாகிறான். செத்தவனை எதிரிகளே மெச்சுகிறார்கள்.

அந்த மெச்சலைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தாள். தோற்ற படைத்தலைவன் குதிரையோடு ஆற்றைக் கடந்தான். ஒரு தீவுக்குப் போய்த் திராட்சைத் தோட்டம் போட்டான். நடுநடுவே எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பவும் மறக்கவில்லை. அந்த அங்கத்துக்கான குறிப்புகள் தபாலில் வரவில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததைத் துணிப்பெட்டியின் அடியில் திணித்தாள்.

"சோக நாடகம்னு அட்டையில போட்டிருக்கான். இவன் கடைசியில கொடி கட்டிப் பந்தல் போடுறான். இதுல சோகம் எங்கம்மா இருக்கு?"

"ஊரை விட்டுப் போறது சோகம் இல்லையாங்க?"

மூன்று நாள் அதையே அசைபோட்டார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாவதைவிட ஒன்றுமே நடக்காமல் வாழ்வதுதான் அந்த வீரனுக்குப் பெரிய தண்டனை என்று ஒரு விளக்கம் கொடுத்தார். எதை மறைக்கப் போனாளோ, அதைத் திராட்சைத் தோட்டத்திலிருந்தே தோண்டி எடுத்துவிட்டார். உண்மையைச் சொல்லலாம் என்று வாய்வரை வரும். தினம் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டாள்.

வியாழக்கிழமை பரீட்சை. அதற்கு முந்தைய ஞாயிறு மதியம் மருந்துக்கடைத் தம்பி வந்தான். பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்போகிறவன். அந்தப் பாடத்தைப் படிக்காதவன்தான் எழுதவேண்டும் என்பது விதி. ஒத்திகைக்காக மாதிரிக் கேள்வித்தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது கேள்விண்ணே. கடைசி அங்கத்தில் மூன்று நண்பர்கள் மறுத்த உதவியை ஒரு பணியாள் செய்கிறான். அவர்களின் மனநிலையை ஒப்பிடுக. பதினஞ்சு மார்க்கு."

"என்ன உதவி?"

"அதைப் போடலையே."

"அவன் தனியாத்தானப்பா ஆத்தைக் கடந்தான். குதிரை மட்டும்தான கூட இருந்துச்சு."

"எந்தக் குதிரையை நான் கண்டேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான என்னையப் போட்டிருக்காங்க."

சமையலறையில் துணி தட்டின்மேல் அப்படியே நின்றது.

"தம்பி, இன்னிக்கு இது போதும்."

"அக்காவோட சண்டையாண்ணே?"

"சண்டையெல்லாம் இல்லை."

"அப்ப இன்னும் மோசம். நான் வரேன்."

கதவு சாத்திய சத்தம் அடங்கும்வரை அவர் பொறுத்திருந்தார். "புத்தகத்தை எடுத்துட்டு வா."

கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை பக்கம் நீயா சொன்னது?"

"கடைசி அங்கம் மொத்தமும்."

"குதிரை?"

"அதுவும்தான்."

"இன்னும் நாலு நாள் இருக்கு. படி. ஒரு வரியைக்கூட முழுங்காத."

படித்தாள். முதல் நண்பனைத் தாண்டினாள், இரண்டாமவனைத் தாண்டினாள். மூன்றாமவன் மறுத்துவிட்டுப் போகும் இடத்தில் விரலை வரியில் வைத்து நிறுத்தினாள். அவர் போதும் என்று சொல்லவில்லை, காத்திருந்தார். அவள் பணியாளிடம் வந்தாள், வாளிடம் வந்தாள், மெச்சியவர்களிடம் வந்தாள். அவர் முகத்தில் ஒரு நரம்பாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வாசித்ததில் இரண்டு இடத்தில் வரி மாறியது. இரண்டையும் அவர் பிடித்துவிட்டார்.

முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். அப்புறம் இன்னொரு தடவை. ஆறாவது தடவை அந்தச் சாவு அவள் வாயில் பாடமாகத் தேய்ந்திருந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"எதுக்கு மறைச்சே?"

அவள் இடுப்புச் சாவியைத் தொட்டாள். அதன் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"அந்த மூணு பேரும் மாட்டேன்னுதான் சொன்னாங்க. மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க" என்றார். "நீ எங்கிட்ட அதைக்கூடச் சொல்லலை. கதவைப் பூட்டிட்டுச் சும்மா இருந்துட்ட."

"நீங்க மட்டும் சொன்னீங்களா? காத்து வாங்கப் போனேன்னீங்க."

"காத்து வாங்கப் போகலை" என்றார்.

அவள் புத்தகத்தை மூடினாள். இத்தனை நாள் தொண்டைக்குள் இருந்ததைக் கேட்டாள். "இனிமே அப்படிப் போக மாட்டேன்னு சொல்லுங்க."

"அப்படி ஒரேயடியா சொன்னா அது பொய்யாயிடும். உன் தோட்டம் மாதிரி." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வியாழக்கிழமை வரைக்கும் சொல்றேன். அது நிஜம். அதுவரைக்கும் எங்கயும் போக மாட்டேன்."

அவள் கேட்டது இது இல்லை. ஆனாலும் அதில் பிசிறு ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. "அப்ப வியாழக்கிழமை திரும்பவும் கேப்பேன்" என்றாள்.

"கேளு. மனசு சரியில்லாதப்ப நானும் வாயைத் திறந்து சொல்றேன். டாக்டர்கிட்ட போகணும்னாலும் போவோம். இப்ப அந்த மூணாவது ஆளை மறுபடி படி. அவன்தான் பிடிபட மாட்டேங்கிறான்."

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, பரீட்சைக்கூடத்தின் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரம் போனது ஒரு யுகமாகத் தெரிந்தது. முதலில் வந்தது மருந்துக்கடைத் தம்பி, விரல்களை உதறிக்கொண்டே.

"கடைசி அங்கத்துக்கு மட்டும் ஏழு பக்கம்க்கா. கை கழண்டுபோச்சு. மூணு பேரு ஏன் மாட்டேன்னாங்கன்னு சொல்லி முடிக்கவே மாட்டேங்கிறாரு."

அவன் தோளைப் பிடித்தபடி பின்னால் கணவர் இறங்கி வந்தார். அவள் எழுந்து கையைக் கொடுத்தாள். பரீட்சை எப்படி என்று அவள் கேட்கவில்லை. தெருமுனை வரை நடந்தார்கள். கேட்கவேண்டியதை எப்படித் தொடங்குவது என்று அவள் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"ரிசல்ட்டுக்கு ரெண்டு மாசம் ஆகுமாம்."

"சரிங்க."

"அதுவரைக்கும் சொல்றேன்" என்றார்.