பத்தாயத்தில் வைத்த மருந்து

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒன்று என் அண்ணன், மற்றது எங்கள் பசு. அண்ணனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே புண். பசுவுக்கு மடிவீக்கம். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரே கம்பவுண்டர். பசு அவரைக் கண்டாலே காலைத் தூக்கும். அண்ணன் வாயைத் திறப்பான்.

பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் எங்கள் வீடு. எங்கள் தாலுகாவும் மலையாள நாட்டைவிட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டமும், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு கூட்டமுமாக ஊர் இரண்டுபட்டுக் கிடந்த வருடங்கள் அவை. அண்ணன் முதல் கூட்டத்தில் முன்வரிசை. சந்திப்பில் நடந்த ஊர்வலத்தில் தடியடி வாங்கிக்கொண்டு வந்தான். வாங்கியதை எங்களிடம் சொல்லாமல் மறுநாளும் பனை ஏறினான். பனைச் செறும்பு, அதாவது மரத்துச் சிலாம்பு, உரசி உரசி, சின்னக் காயம் ஒரு வாரத்தில் சீழ் வைத்துக் கால் முழுவதும் வீங்கிவிட்டது. பனையும் தென்னையும் ஏறிப் பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. அடிபட்ட காயத்தோடு போகிறவனிடம் முதலில் பேரைக் கேட்பார்கள், பிறகு போலீஸ் வரும். அதனால் கம்பவுண்டர் வீட்டுக்கே வந்தார்.

அவர் நெய்யாற்றின்கரையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையாளி. செங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். மனிதர், மாடு, நாய் என்று பார்க்க மாட்டார், நோய் என்றால் வந்துவிடுவார். தாலுகா எங்கேயும் போகக் கூடாது என்பது அவருடைய கட்சி. அதை அண்ணனிடம் மறைக்கவும் இல்லை. ஊசி போடும்போதே சண்டை நடக்கும்.

"சாரே, நீங்க ஊசி குத்தியது எனக்க காலிலயாக்கும். எனக்க கொள்கையில இல்ல."

"நின்றெ கொள்கைக்கு மருந்து கிடையாது மோனே. காலுக்கு உண்டு. காலை நீட்டு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர்ச் சொம்போடு நிற்பேன். உண்மையைச் சொன்னால், காலையில் அந்தச் சண்டைக்காகவே காத்திருப்பேன்.

மருந்து பெனிசிலின். திருவனந்தபுரத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்து இரண்டு குப்பி வாங்கி வந்திருந்தார். ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பிக்குள் வெள்ளைப் பொடி. அதில் காய்ச்சிய நீரை ஊசியால் ஏற்றிக் குலுக்கினால் பால் மாதிரி ஆகும். ஒரு குப்பியில் பல நாளைக்கான மருந்து. பொடியாக இருக்கும்வரை அது கொஞ்சம் தாங்கும், தண்ணீர் பட்ட பிறகு குளிர்ச்சியில்தான் உயிரோடு இருக்கும் என்றார். குளிர்பதனப் பெட்டி என்ற ஒன்றை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை.

அவரே ஒரு வழி சொன்னார். புதுச் சட்டியில் ஆற்று மணலைப் போட்டு நனைத்து, அதன் நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளரைப் புதைத்து, தம்ளருக்குள் குப்பிகளை நிறுத்த வேண்டும். மேலே ஈரத்துணி. வடக்குப் பக்கத்து இருட்டறையில் தரையில் வைக்க வேண்டும். மணல் காயக் கூடாது, குப்பிக்குள் தண்ணீர் போகவும் கூடாது. அண்ணன் குப்பியில் வெள்ளை நூல், பசுவின் குப்பியில் சிவப்பு நூல். ஊசிகளும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றைத் தொடக் கூடாது.

"பசுவானாலும் மனுசனானாலும், மருந்துக்குச் சூடு ஆகாது. கேட்டோ?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குப் பத்தொன்பது வயது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மணலுக்குத் தண்ணீர் தெளித்தேன். அவர் வந்ததும் முதலில் மணலைத் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாள் அம்மாவிடம், "இந்த வீட்டில சிரத்தை உள்ளது இவளுக்காக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பின்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான்.

நான்காம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் கஞ்சி கேட்டான். அன்று காலை ஊசி போட்டுவிட்டுக் கம்பவுண்டர் போன பிறகு, அம்மா முற்றத்தில் புழுங்கல் நெல் காயப் போட்டிருந்தாள். அவித்து இரண்டு நாள் ஆன நெல். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வர, நானும் அம்மாவும் ஓடி ஓடி வாரிப் பத்தாயத்தில் கொட்டினோம். பத்தாயம் என்றால் நெல் போட்டு வைக்கும் பெரிய மரப்பெட்டி. உள்ளே ஏற்கெனவே ஒரு ரசகதலி வாழைக்குலை பழுக்க வைத்திருந்தோம். நெல்லை ஆறவிட நேரமில்லை. வெயில் சூட்டோடு அப்படியே போட்டு மூடினோம்.

மூடிக் கை துடைப்பதற்குள் பக்கத்துத் தென்னை விளையிலிருந்து ஒருவன் ஓடி வந்து, போலீஸ் வீடு வீடாக ஏறுகிறது என்றான். அண்ணனை அவனும் அம்மாவும் தாங்கிக்கொண்டு வாழைகளுக்கு நடுவே போனார்கள். நான் இருட்டறைக்கு ஓடினேன். இரண்டு குப்பியையும் பார்த்தேன். பசு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அதற்கு ஒரு குப்பி இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது குப்பி யாருக்கு என்று கேட்டால்? வெள்ளை நூல் குப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்தாயத்தைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு நெல்லுக்குள் புதைத்தேன். எங்கள் ஊரில் எதை ஒளிப்பதென்றாலும் பத்தாயம்தான். வீட்டுப் பத்திரமும் நகையும் அதற்குள்தான் இருக்கும். கை தானாக அங்கே போயிற்று.

வந்த போலீஸ்காரர் சட்டியின் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பசுவின் மடிக்கு உள்ள மருந்து."

அவர் தொழுவத்தை எட்டிப் பார்த்தார். பசு தன் வீங்கிய மடியோடு எனக்குச் சாட்சி சொன்னது. போய்விட்டார்கள்.

இருட்டிய பிறகு அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். போலீஸ்காரர்கள் போனார்களே தவிர, சந்திப்பிலேயே முகாம் போட்டிருந்தார்கள். மறுநாள் கடையடைப்பு. எப்போது திரும்பி வருவார்களோ என்று பயம். குப்பியை எடுத்துச் சட்டியில் வைக்க வேண்டும் என்று எனக்கு நினைவிருந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். பத்தாயத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். போலீஸ் கைக்குப் போகாத இடம் மருந்துக்கும் நல்ல இடம் என்று என் மூளை கணக்குப் போட்டது. குலை பழுக்க வைக்கிற சூட்டில் அது கிடக்கிறது என்று எனக்குப் படவே இல்லை.

மறுநாள் காலையில் கம்பவுண்டரால் வர முடியவில்லை. சாயங்காலம்தான் சைக்கிள் மணி கேட்டது. ஓடிப்போய் நெல்லைத் துழாவிக் குப்பியை எடுத்தேன். கையில் அது இளஞ்சூடாக இருந்தது, உடம்பில் ஒட்டி வைத்திருந்ததுபோல. ஒரு நொடி நின்றேன். பிறகு உமித்தூசியைத் துடைத்து, ஈர மணலுக்குள்ளேயே செருகிக் குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றினேன். அவர் கைகால் கழுவி, ஊசியைக் கொதிக்க வைத்து எடுப்பதற்குள் குப்பி குளிர்ந்துவிட்டது. ஆறிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கஞ்சியா அது, ஆறினால் சரியாக! அவர் குப்பியைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான் சொல்லவில்லை.

அடுத்த நாளும் அதே மருந்து போனது. அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல் அடித்தது. கால் மறுபடியும் சிவந்து பளபளத்தது. மறுநாள் காலை கம்பவுண்டர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஊசியை மூன்று முறை கொதிக்க வைத்தார். போகும்போது அம்மாவிடம் தனியாக, "நாளைக்கும் குறைஞ்ஞில்லெங்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். சிலப்போ காலை முறிச்சு எடுக்க வேண்டி வரும்" என்றார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணனின் கூட்டாளி ஒருவன் அன்று சாயங்காலம் வந்தான். ஊர்வலத்தில் அண்ணனோடு அடி வாங்கியவன்.

"மக்கா, நான் சொல்லியேன்னு நினைக்காதே. சாயாக்கடையில எல்லாரும் சொல்லியாவ. கம்பவுண்டரு மருந்தில வெறும் தண்ணியக் கலந்து குத்தியாரு. நீ நடக்கக் கூடாதுன்னு அவருக்கு எண்ணம் உண்டு."

அண்ணன் இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நாளையிலேருந்து அவரு வரண்டாம். குழித்துறையில நம்ம ஆளு வைத்தியரு ஒருத்தரு உண்டு. ரெண்டு மூணு நாளில கூட்டிட்டு வாறேன்" என்றான் கூட்டாளி.

ரெண்டு மூணு நாள் வரைக்கும் அந்தக் கால் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை சைக்கிள் மணி கேட்டபோது கூட்டாளி முற்றத்தில் குறுக்கே நின்றுகொண்டிருந்தான். கம்பவுண்டர் சைக்கிளைவிட்டு இறங்கினார்.

"இன்னைக்கு வேண்டாம் சாரே. நீங்க போங்க. மருந்தில என்ன கலந்தீங்கன்னு ஊருக்கெல்லாம் தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

"எவிடெ தப்பு வந்ததுன்னு எனக்கே அறியில்ல. சிரிஞ்சை மூணு தடவை காய்ச்சினேன். ரெண்டு நாளாச்சு நான் உறங்கி" என்றார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"தப்பு எனக்கதாக்கும். மருந்தைப் பத்தாயத்தில வச்சேன். போலீசு வந்தப்போ. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அதுக்குள்ள கிடந்தது. எடுக்கும்போ சூடா இருந்தது. தண்ணிய ஊத்தி ஆத்திட்டு உங்க கையில தந்தேன்."

 கம்பவுண்டர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பத்தாயத்தின் மூடியைத் தூக்கிக் கையை முழங்கை வரை நெல்லுக்குள் விட்டார். அத்தனை நாளாகியும் உள்ளே வெதுவெதுப்பு இருந்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த குலை மஞ்சளாகி மணந்தது. அவர் கையை எடுத்து நெல்லை உதறினார்.

"பசுவின்றெ குப்பி எங்கே?"

"அது சட்டியிலேயே உண்டு. பத்தாயத்துக்குக் கொண்டு போகவே இல்ல."

அம்மா கேட்டாள்: "அதைக் குத்தினா பசுவுக்கு?"

"பசுவுக்கு இல்லாம ஆகும்."

அம்மா தொழுவத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "பிள்ளைக்குக் குத்துங்க" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அன்று மட்டுமில்லை, அப்புறம் நாலைந்து நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளை நூல் குப்பியில் மிஞ்சியிருந்ததைக் கம்பவுண்டர் தென்னையின் அடிமூட்டில் குழி தோண்டிப் புதைத்தார். சிவப்பு நூல் குப்பியிலிருந்து அண்ணனுக்கு ஊசி போனது. கூட்டாளி எப்போது போனான் என்று நான் கவனிக்கவில்லை. அவன் கம்பவுண்டரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டான் என்று மட்டும் தெரியும். அதனால் நான் சாயாக்கடைக்குப் போனேன். பெண்பிள்ளைகள் அந்தப் படி ஏறுவதில்லை. நடுவில் போய் நின்று, மருந்தைக் கெடுத்தது நான்தான், அவர் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவர், "இதைச் சொல்லவா பிள்ளே இங்க வந்தே? வீட்டுக்குப் போ" என்றார். மற்றவர்கள் குனிந்து சாயா குடித்தார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாளில் அண்ணன் கம்பூன்றி முற்றம் வரை வந்தான். பசுவின் ஒரு காம்பு வற்றிப்போய்விட்டது. மற்ற மூன்றில் கறந்தோம். இப்போது என் வீட்டில் எனக்கு வாங்குகிற மருந்தும் நாய்க்கு வாங்குகிற மருந்தும் குளிர்பதனப் பெட்டியில் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. கதவுப் பக்கம் வைப்பதில்லை, திறந்து மூடும்போது அங்கே சூடு ஏறும். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வைப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

கடைசி ஊசி போட்ட அன்று அண்ணன் கொள்கை எதுவும் பேசவில்லை. ஊசி இறங்கும்போது அவனாகவே சொன்னான்.

"சாரே, நானும் நம்பினேன். அவங்க சொன்னதை."

"அறியாம், தெரியும் மோனே. அன்னைக்கு நான் உள்ளே வந்தப்போ நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வச்சிருந்தே."

 அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆனாலும் காலை நீட்டினே இல்லையா? அது போதும் மோனே" என்றார்.

நான் வழக்கம்போலத் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டினார், தண்ணீர் ஊற்றினேன், கழுவிக்கொண்டார். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.